முதற் சட்டை

கையிலிருப்பது ஒரே துண்டுத் துணி. பிழையாக வெட்டினால் பிள்ளைக்குச் சட்டை இல்லை. இந்தப் பயத்தாலேயே முகாம்களில் பலர் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. பயம் நியாயமானதே: தையற் பிழையைப் பிரித்துத் திருத்தலாம், வெட்டியதை ஒட்டமுடியாது.

பருத்தித் துணி சுருங்கும்; ஆகவே முதலில் நனைத்து உலர்த்துவோம். பிள்ளையின் பழைய சட்டையைப் பத்திரிகைத் தாளில் விரித்து, சுற்றிவர வரைவோம். பிள்ளை வளர்ந்திருந்தால் அதற்கும் கூட்டி, தையலுக்கென அரை அங்குலம், கீழ்மடிப்புக்கு இரண்டு அங்குலம் விடவேண்டும். நாம் முதன்முதல் வெட்டிய காற்சட்டைக்கு இதை விடவில்லை. அது பாத்திரம் துடைக்கவே உதவிற்று!

அந்தத் தாளை வைத்து முதலில் கிழிந்த சாரமொன்றை வெட்டி, பெருந்தையலிட்டு, பிள்ளைக்கு அணிவித்துப் பார்ப்போம். கைக்குழி பிடித்தால் தாளைத் திருத்துவோம். புதுத்துணி அதன் பின்புதான்.