ஜெர்மன் படிக்க எந்த ஊர்?



ஜெர்மனியில் மேற்படிப்புக்குப் போக நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணே, எந்த ஊரு நல்லா கலகலப்பா இருக்கும்?” தப்பான கேள்வி இல்லை. வயசுப் பிள்ளைகள் வெறிச்சோடிய ஊரில் போய் உட்கார முடியுமா? ஆனால் அந்தக் கேள்வியோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: அந்தக் கலகலப்பு எந்த மொழியில் நடக்கிறது?

நம் சமயத்தில் சத்சங்கத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? யாரோடு சேர்ந்திருக்கிறோமோ, அவர்கள் பேச்சு நம் பேச்சாகிவிடும். மொழிக்கும் அதே விதிதான்.

ஏன் யோசித்து முடிவெடுக்க வேண்டும்?

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் இளங்கலைப் படிப்புகளில் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியில்தான். டெஸ்ட்டாஃப் அல்லது டிஎஸ்ஹா தேர்வில் தேற வேண்டும்.

நாம் விசா இல்லாமல் 90 நாள் தங்கலாம். அதற்கு மேல் தங்கி மொழி படிக்க, புறப்படும் முன்பே விசா எடுக்க வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 18 பாடவேளை உள்ள தீவிர வகுப்பாக இருக்க வேண்டும். பொதுவாக ஓராண்டுக்கு மேல் தரமாட்டார்கள். செலவுக்குப் பணம் இருப்பதையும் காட்ட வேண்டும். 2024 கணக்குப்படி மாணவர் விசாவுக்கு ஆண்டுக்கு 11,904 யூரோ. மொழி வகுப்பு விசாவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். பல வீடுகளில் இது அப்பாவின் இபிஎஃப் பணம். அந்த ஒரு வருஷம் ஆங்கிலம் பேசியே போய்விட்டால், போனது ஒரு வருஷம் மட்டும் இல்லை.

ஊர்களை எடை போடுவோம்

பெர்லின்: கலகலப்பில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் நொய்கொல்ன், கிராய்ட்ஸ்பெர்க் வட்டாரக் காப்பிக் கடைகள் பலவற்றில் பணியாளே ஆங்கிலத்தில்தான் பேசுவார். மூன்று மொழியை ஒரே வாக்கியத்தில் கலந்து பேசிப் பழகிய நமக்கு, ஆங்கிலத்துக்குத் தாவுவது ரொம்ப சுலபம். மனக்கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு மட்டும் பெர்லின்.

மியூனிக்: அழகான ஊர், வேலைவாய்ப்பும் உண்டு. ஆனால் ஜெர்மனியிலேயே வாடகை அதிகமான பெருநகரம் இதுதான்.

வியன்னா: இசையும் நாடகமும் நிறைந்த ஊர். ஆனால் அது ஆஸ்திரியா; விசா விதிகள் வேறு. சில சொற்களும் வேறு. பாடப் புத்தகத்தில் தக்காளி ‘டொமாட்டே’, வியன்னா சந்தையில் ‘பரடைசர்’.

சூரிச்: பள்ளியில் எழுதுவது ஒரு ஜெர்மன், தெருவில் பேசுவது இன்னொன்று. புதிதாகத் தொடங்குபவருக்கு இரட்டைச் சுமை. செலவும் மிக அதிகம்.

லைப்சிக்: நான் பரிந்துரைப்பது இந்த ஊரைத்தான். மக்கள்தொகை ஆறு லட்சத்துக்கு மேல். பல்கலைக்கழகம் 1409-இல் தொடங்கியது. கவிஞர் கோத்தே இங்கே சட்டம் படித்தார். ரிக்வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர் சமஸ்கிருதம் கற்கத் தொடங்கியதும் இங்கேதான். மாணவர் கூட்டம், இசை, மார்ச் மாதப் புத்தகச் சந்தை எல்லாம் உண்டு. பெரும்பாலும் ஜெர்மனிலேயே நடக்கும். பெர்லின் பார்க்க ஆசையா? விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். அந்த வட்டாரத்து மூத்தவர்கள் ‘க்’ஐ ‘g’ போல மென்மையாக உச்சரிப்பார்கள். ஒரே ‘க’வை இரண்டு விதமாகச் சொல்லிப் பழகிய நமக்கு அது பெரிய சிரமம் இல்லை.

பக்கத்து ஊரான ஹாலேயில் இருந்துதான் சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். மதம் பரப்ப வந்தவர், நம் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஜெர்மன் மொழியில் ஒரு நூலே எழுதினார். அது அச்சானது 1867-இல், சென்னையில். நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை நாமே நேரடியாகப் படிக்கவும் இந்த மொழி வேண்டும்.

கோயில் இல்லாத ஊரா?

அம்மாக்களின் கவலை இது. ஹாம் நகரில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் இருக்கிறது. ஈழத்தமிழர்கள் கட்டிய அந்தப் பெரிய கோயிலின் குடமுழுக்கு 2002-இல் நடந்தது. தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். லைப்சிக்கிலிருந்து அரை நாள் பயணம்தான். பெர்லினிலும் மயூரபதி முருகன் கோயில் உண்டு. அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் தங்களுக்குள் ஜெர்மன்தான் பேசிக்கொள்வார்கள். சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, பிரசாத வரிசையில் ஜெர்மன் பேசிய மாதிரியும் ஆச்சு!

போன பிறகு

அங்கே இரவு இரண்டு மணிக்கு மாமாக் கடை கிடையாது. ஞாயிறன்று பேரங்காடிகூட மூடியிருக்கும். கலகலப்பு கடையில் இல்லை, சங்கங்களில் இருக்கிறது. ‘ஃபெரைன்’ என்பார்கள்: பந்தாட்டம், பாட்டு, மலையேற்றம் என எல்லாவற்றுக்கும் ஒன்று உண்டு. முதல் மாதமே ஒன்றில் சேருங்கள். அறை எடுக்கும்போது நம் ஆட்களோடு மட்டும் தங்காமல், ஜெர்மன் பேசும் மாணவர்களோடு பகிர்ந்து தங்குங்கள்.

யாராவது ஆங்கிலத்துக்கு மாறினால் சிரித்த முகத்தோடு சொல்லுங்கள்: “கொன்னன் வியர் பிட்டே டொய்ச் ஷ்ப்ரெஹன்?” ‘தயவுசெய்து ஜெர்மனில் பேசலாமா?’ என்று பொருள்.

இந்த வாரப் பயிற்சி

1. இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்து, அறை வாடகை, வகுப்புக் கட்டணம் இரண்டையும் ரிங்கிட்டில் கணக்கிடுங்கள். நகராட்சி நடத்தும் ‘ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே’ கட்டணத்தையும் பாருங்கள். பல தனியார் பள்ளிகளைவிடக் குறைவு.

2. அங்கே வகுப்பு முடிந்த பின் மாலை ஆறிலிருந்து பத்து வரை யாரோடு, எங்கே, எந்த மொழியில் பேசுவீர்கள் என்று எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் ஊரை மாற்றுங்கள்.

3. எழுதியதை அப்பா அம்மாவிடம் காட்டி, அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பேசி முடிவெடுப்போம்.