லாண்ட் றோவர் டிபறன்சல் பற்சில்லுகளை மாற்றுதல்

பதுளை, வெலிமடை மேடுகளில் மரக்கறி ஏற்றும் பழைய சீரிஸ் லாண்ட் றோவரின் டிபறன்சல் இரைந்தால், எண்ணெயை வடித்துப் பார்த்தல் வேண்டும். இரும்புத் துணுக்குகள் காணப்படின் பற்சில்லுகளை மாற்றுதலே வழி. கிரவுண் சில்லும் பினியனும் சோடியாகவே பொருத்தப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றலாகாது. இவ்வண்டியின் விகிதம் 4.7. மலிவென்று றேஞ்ச் றோவரின் 3.54 சோடியைப் பின்னச்சில் மட்டும் பூட்டுவோர் உளர். நாற்சில்லு இயக்கத்தில் ஈரச்சுகளும் முரண்பட்டு ஏதேனுமொன்று முறியும்.

கழற்றுமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தரையிலுள்ள சில்லுகளுக்குக் கட்டை வைத்தல் வேண்டும். இதுவே தலையாயது. இதன் கைப் பிறேக் சில்லுகளைப் பிடிப்பதன்று. பின்னச்சுக்குச் செல்லும் தண்டையே பிடிப்பது. பின்சில்லொன்றை உயர்த்தினாலும், அச்சுத்தண்டை உருவினாலும் அது பயனற்றுப் போகும். வண்டி உருண்டு அடியிற் கிடப்பவரை நசுக்கும். அச்சுத்தண்டுகளை உருவிய பின்னரே டிபறன்சலை எடுக்க முடியும். புதியதைப் பூட்டியபின், 90ஆம் இலக்கக் கியர் எண்ணெயைத் துளை மட்டம்வரை ஊற்றுக.