போன்சாய் மேசையை உடைப்பது எடையா, ஈரமா?

துவாஸ் லிங்க் நிலையத்தில் ரயில் ஏறினால், அடுத்து வரும் எட்டாவது நிலையம் சைனீஸ் கார்டன். அங்குள்ள சீனத் தோட்டத்தில், 1992ஆம் ஆண்டு சூச்சோ பாணியில் அமைக்கப்பட்ட போன்சாய்த் தோட்டம் இருக்கிறது. சிறு தொட்டியில் வளர்ந்தாலும் போன்சாய் முழுமையான ஒரு மரம்தான். அதற்கு வெயிலும் காற்றும் வேண்டும். அதனால் கிளை வெட்டவும் கம்பி சுற்றவும் மண் மாற்றவும் நாம் பயன்படுத்தும் மேசையும் திறந்தவெளியில்தான் நிற்கவேண்டும்.

இருபது ஆண்டுகள் வளர்த்த மரம், மேசையின் ஒரு கால் ஒடிந்தால் ஒரு நொடியில் போய்விடும். அந்த மேசையை எப்படிச் செய்வது?

முதலில் எடை

தொட்டியின் நீளம் 40 செ.மீ., அகலம் 30 செ.மீ., ஆழம் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 12 லிட்டர். ஈரமண் ஒரு லிட்டருக்கு 1.5 கிலோ என்றால் மண் மட்டும் 18 கிலோ. தொட்டியையும் மரத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 25 கிலோ. நான்கு தொட்டிகள் வைத்தால் 100 கிலோ!

இதைத் தாங்கக் கனமான மரம்தான் வேண்டும் என்பதில்லை. 100 மி.மீ. அகலமும் 50 மி.மீ. தடிமனும் கொண்ட ஒரு சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளையாமல் நிற்கும் அதன் திறன், அகலத்தையும் உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தையும் பொறுத்தது.

படுக்க வைத்தால்: 100 × 50 × 50 × 50 = 12.5 மில்லியன்
நிமிர்த்தி வைத்தால்: 50 × 100 × 100 × 100 = 50 மில்லியன்

அதே மரம், அதே விலை. ஆனால் விறைப்பு நான்கு மடங்கு! ஆகவே மேற்பலகைகளைத் தாங்கும் சட்டங்களை நிமிர்த்தியே பொருத்துங்கள். கால்களுக்கு இடையிலான தூரத்தைப் பாதியாகக் குறைத்தால், நடுவில் வைத்த அதே எடைக்குச் சட்டம் வளைவது எட்டில் ஒரு பங்காகிவிடும்.

மேசை பக்கவாட்டில் ஆடுவது வேறு சிக்கல். நான்கு ஐஸ்கிரீம் குச்சிகளைச் சதுரமாக ஆணியடித்துத் தள்ளிப் பாருங்கள், சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஐந்தாவது குச்சியை வைத்தால் அசையாது. முக்கோணத்தின் பக்க நீளங்கள் மாறாதவரை அதன் வடிவமும் மாறாது. மேசைக் கால்களுக்கும் அப்படி ஒரு சாய்வுச் சட்டம் தேவை.

அடுத்தது ஈரம்

எடையைக் கணக்கிட்டு வென்றுவிடலாம். ஈரம் அப்படியல்ல, மெல்ல மெல்ல வேலை செய்யும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கும் அதிகமாக மழை பெய்கிறது. மரத்தின் ஈரம், அதன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 20 விழுக்காட்டைத் தாண்டினால் அழுகல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

தண்ணீர் அதிகமாக நுழைவது பலகையின் பரந்த முகப்பு வழியாக அல்ல, வெட்டுமுனை வழியாக. மரம் உயிரோடு இருந்தபோது நீரை மேலேற்றிய நுண்குழாய்கள் அங்கே வாய் திறந்திருக்கும். ஈரத்தரையில் நிற்கும் மேசைக்கால், ஸ்ட்ரா போலத் தண்ணீரை உறிஞ்சும். எனவே வெட்டுமுனைகளுக்கு இரண்டு மூன்று முறை சாயம் பூசுங்கள். கால்களைத் தரையில் வைக்காமல் ஓட்டுத் துண்டின் மீதோ பிளாஸ்டிக் கட்டையின் மீதோ நிறுத்துங்கள். மேற்பலகைகளுக்கு இடையே 1 செ.மீ. இடைவெளி விட்டால் நீர் வடியும், காற்றும் புகும்.

துவாஸ் கடலோரப் பகுதி. அங்கே காற்றில் உப்பு உண்டு. சாதாரண இரும்புத் திருகாணி விரைவில் துருப்பிடிக்கும். மாலிப்டினம் கலந்த 316 வகைத் துருவேறா எஃகு, உப்பை நன்றாகத் தாங்கும்.

கிடங்குகளில் கழித்துப்போடும் பேலட் பலகைகளைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்தலாம். அவற்றில் உள்ள முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள். உள்ளே இருந்த பூச்சிகள் இறந்திருக்கும். ஆனால் புதிய பூஞ்சையை அது தடுக்காது, சாயம் அவசியம். ‘எம்.பி.’ என்றிருந்தால் வேண்டாம். அது மீத்தைல் புரோமைடு என்ற நச்சுவாயு செலுத்தப்பட்ட மரம்.

இன்னொரு எச்சரிக்கை: தேங்கிய நீர் மேசைக்கு மட்டும் பகையல்ல. துணி காயவைக்கும் மூங்கில் கழிகளுக்கான குழாய்களை மூடி வைக்கச் சொல்வது ஏன்? ஏடிஸ் கொசு முட்டையிடச் சிறிதளவு நீரே போதும். உலோகக் குழாய்க் கால்கள் வைத்தால் அவற்றின் வாயையும் மூடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள்.

செய்து பாருங்கள்

ஒரே பலகையிலிருந்து சம அளவில் இரண்டு துண்டுகளை வெட்டுங்கள். ஒன்றின் வெட்டுமுனையில் மட்டும் சாயம் பூசி உலரவிடுங்கள். இரண்டையும் எடைபோட்டுவிட்டு, அந்த முனை கீழே இருக்கும்படி 2 செ.மீ. நீரில் ஒரு நாள் நிறுத்துங்கள். மறுநாள் துடைத்து மீண்டும் எடைபோடுங்கள். கூடிய எடையைத் தொடக்க எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் எத்தனை விழுக்காடு நீர் ஏறியது என்று தெரியும். எந்தத் துண்டை உங்கள் மேசைக்குக் காலாக வைப்பீர்கள்?