பொட்டலத்தைப் பிரிங்க, படத்தைப் போடுங்க!

சிங்கப்பூர் சித்தி, துபாய் மாமா, ஆஸ்திரேலியாவில் படிக்கிற பிள்ளை என்று யார் ஊருக்கு வந்தாலும் பேர் தெரியாத பொட்டலங்கள் வீட்டில் சேர்ந்துவிடும். கூடவே, ‘சின்ன வயசுல ஒரு படம் பார்த்தோமே, அதுல ஒரு யானை...’ என்று பேச்சும் கிளம்பும். இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் சேர்த்து வையுங்கள் தோழிகளே, தியேட்டர் செலவில்லாமல் வீடே கலகலக்கும்.

1. பெட்டி திறந்த வேகத்தில் எல்லாவற்றையும் பிரிக்க விடாதீர்கள். தேதி முந்தி முடிவதை டப்பாவில் மேலாக அடுக்குங்கள். ஒரு சாயங்காலத்துக்கு இரண்டே பொட்டலம் என்று வைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் வரும்.

2. தேதி பார்ப்பதில் கவனம் வேண்டும். 03/04 என்பது அமெரிக்கப் பொட்டலத்தில் மார்ச் 4, இங்கிலாந்துப் பொட்டலத்தில் ஏப்ரல் 3. ஜப்பான், கொரியாவில் வருஷம் முதலில் வரும். தாய்லாந்துப் பொட்டலத்தில் 2569 என்று போட்டிருந்தால் திகைக்க வேண்டாம், அது புத்த ஆண்டு. 543-ஐக் கழித்தால் 2026.

3. சைவம் சாப்பிடுகிறவர்கள் இருக்கும் வீடா? நம் ஊர்ப் பச்சைப் புள்ளி, வெளிநாட்டுக் கடையில் வாங்கி வந்த பொட்டலத்தில் இருக்காது. மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய்களில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும்; சிவப்பு மிட்டாயில் கார்மைன் அல்லது 120 என்ற எண் இருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்த நிறம். எழுத்து புரியாவிட்டால் செல்போன் கேமராவை மொழிபெயர்ப்பில் வைத்துக் காட்டுங்கள், ஜப்பானிய எழுத்தைக்கூடப் படித்துச் சொல்லிவிடும்.

4. நம் வெயிலுக்கு சாக்லேட்டை வெளியில் வைக்க முடியாது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்ததும் திறக்காமல் அரை மணி நேரம் விட்டால் மேலே தண்ணீர் கோக்காது. வெள்ளை பூத்த சாக்லேட்டைப் பூஞ்சை என்று தூக்கிப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் கொழுப்போ சர்க்கரையோ மேலே வந்து படிந்ததுதான் அது. துருவிச் சூடான பாலில் போட்டால் பிள்ளைகள் தம்ளரை வழித்துக் குடிப்பார்கள்.

5. ஆஸ்திரேலியாவின் டிம் டாம் பிஸ்கட் 1964-லிருந்து விற்கிறது. அதை அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடும் முறையே தனி. எதிரெதிர் மூலைகளை லேசாகக் கடித்துவிட்டு, ஒரு மூலையைச் சூடான காபியில் வைத்து மறு மூலை வழியாக உறிஞ்ச வேண்டும். காபி வாய்க்கு வந்த நொடியே பிஸ்கட்டையும் உள்ளே தள்ளிவிடுங்கள், தாமதித்தால் டபராவில் கரைந்து விழுந்துவிடும். ஃபில்டர் காபிக்கு இது அபாரமாகப் பொருந்தும்.

6. அதே ஊரின் வெஜிமைட்டை ஜாம் மாதிரி ஸ்பூனில் அள்ளிச் சுவைத்தால் உப்பு தூக்கிவிடும். ரொட்டியைச் சுட்டு, வெண்ணெயைத் தாராளமாகவும் இதைப் பட்டும் படாமலும் தடவுங்கள். ஒரு பாட்டில் பல மாதம் வரும்.

7. பின்லாந்திலிருந்து கறுப்பு மிட்டாய் வந்திருந்தால் அது சல்மியாக்கி. அதிமதுரத்தில் நவச்சாரம் சேர்த்தது. ஒரு மிட்டாயை நான்காக நறுக்கி ஆளுக்கொரு துண்டு கொடுங்கள், பிடித்தவர் மறுபடி கேட்கட்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேண்டாம், அதிமதுரம் அழுத்தத்தை ஏற்றும்.

8. கடற்பாசித் தாள் பிரித்த அன்றே நமத்துப் போகும். எண்ணெயில்லாத தோசைக்கல்லில் சிறு தீயில் சில நொடி காட்டினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். மீந்ததை நொறுக்கி, எள்ளோடு கலந்து, சூடான சோற்றில் நெய் விட்டுத் தூவிப் பாருங்கள்.

9. கொரியக் கார நூடுல்ஸுக்கு முழு சாஸும் ஊற்ற வேண்டியதில்லை. பாதியை மடித்து ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் ஃபிரைடு ரைஸுக்கு ஆச்சு. காரம் ஏறினால் தண்ணீர் உதவாது, பாலோ தயிரோ கொடுங்கள்.

10. சின்னக் கப்பில் வரும் ஜெல்லியைக் குழந்தைகள் அப்படியே உறிஞ்ச விடாதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடியாக நறுக்கி ஸ்பூனில்தான் தர வேண்டும். மிகச் சின்னப் பிள்ளைகளுக்குத் தரவே வேண்டாம்.

11. பொட்டலத்துக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் பைகளைச் சேர்த்து வையுங்கள். பழைய வீடியோ கேசட், சிடி, கல்யாண ஆல்பம் இருக்கும் பெட்டியில் போட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிப்பது குறையும்.

12. இனிப் படத்துக்கு வருவோம். பாதி மறந்த படத்தைக் கண்டுபிடிக்க, பேச்சை ஆரம்பிக்கும் முன் ஆளுக்கொரு காகிதம் கொடுத்து நினைவில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளையா கலரா, தியேட்டரா தூர்தர்ஷனா, எந்த மிருகம், எந்த நடிகர் என்று வந்தால் போதும். ஒருவர் வாய்விட்டுச் சொன்னதும் மற்றவர் நினைவும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும், அதனால்தான் எழுத்து.

13. இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம், சண்டை வேண்டாம். தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் எடுத்த யானைப் படத்தில் ராஜேஷ் கன்னா இருந்தால் 1971-இல் வந்த இந்திப் படம் ‘ஹாத்தி மேரே சாத்தி’, எம்.ஜி.ஆர். இருந்தால் 1972-இல் வந்த ‘நல்ல நேரம்’. பிரிந்த அப்பா அம்மாவைச் சேர்த்து வைக்கும் இரட்டைப் பெண்கள் கதையும் அப்படித்தான். 1961-இல் ஹாலிவுட்டில் ‘தி பேரன்ட் ட்ராப்’, 1965-இல் நம் குட்டி பத்மினியின் ‘குழந்தையும் தெய்வமும்’.

14. பேர் தெரியாமல் மெட்டு மட்டும் நினைவிருந்தால் கூகுள் செயலியில் மைக்கைத் தட்டி முணுமுணுத்துப் பாருங்கள். பாட்டி வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகம் கிடைத்தால் அதைவிட விசேஷம். கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல் எல்லாம் அதிலேயே இருக்கும்.

15. படம் கிடைத்ததும் பிள்ளைகளோடு உட்காருவதற்கு முன் நீங்கள் மட்டும் அங்கங்கே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அன்று நாம் கவனிக்காத அடிதடியும் கேலியும் இன்று உறுத்தலாம்.

16. பழைய பிரின்ட்டுக்கு உயர்ந்த தரம் வைத்து டேட்டாவைக் கரைக்காதீர்கள், 480 போதும். டிவியில் முகமெல்லாம் அகலமாகத் தெரிந்தால் படத்தின் அளவை 4:3-க்கு மாற்றுங்கள்.

17. 1957-இல் வந்த ‘மாயாபஜார்’ மூன்று மணி நேரத்தை நெருங்கும், இடைவேளையோடு நிறுத்தி மிச்சத்தை மறுநாள் போடுங்கள். ரங்காராவ் கடோத்கஜனாகக் கல்யாண விருந்தைக் காலி செய்யும்போது பிள்ளைகள் லட்டு கேட்பார்கள். முதல் நாளே பிடித்து வைத்துவிடுங்கள்.

18. படத்துக்கேற்ற தீனி என்றால் இன்னும் குஷி. 1998-இல் மறுபடி எடுத்த ‘தி பேரன்ட் ட்ராப்’பில் பெண்கள் ஓரியோவைக் கடலை வெண்ணெயில் தோய்த்துச் சாப்பிடுவார்கள், வறுத்த வேர்க்கடலையை மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்தால் வெண்ணெய் வீட்டிலேயே தயார். துருக்கி மிட்டாய் வந்திருந்தால், பனிச் சூனியக்காரி அதைக் காட்டிச் சிறுவனை மயக்கும் ‘நார்னியா’ (2005) போடுங்கள். அந்த மிட்டாயை ஃபிரிட்ஜில் வைத்தால் கசிந்து பிசுபிசுக்கும், மூடிய டப்பாவில் வெளியிலேயே இருக்கட்டும்.

19. பிடித்த தின்பண்டத்தின் உறையைத் தூக்கிப் போடும் முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த தடவை சித்தி போனில் ‘என்னடி வாங்கிட்டு வரட்டும்?’ என்று கேட்டால் அதை அனுப்பிவிடலாம்.