ஆறு கார்ட் கம்பியூட்டர் ஆரம்பத்திலேயே விழுந்தால்...

வியாபார நண்பர்களே, இப்பத்தியில் வழமையாக நெல், ஜவுளி, கடன் கொப்பி என்று பேசுவோம். இம்முறை ஒரு கம்பியூட்டரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. தோப்பூரில் எனது சகோதரியின் மகன், மனைவியின் நகையை அடகு வைத்து, ஆறு கிராபிக்ஸ் கார்ட்கள் பூட்டிய பழைய மைனிங் இயந்திரம் ஒன்றைக் கொழும்பில் ஒருவரிடம் வாங்கி வந்துவிட்டார்.

இவை மலிந்ததற்குக் காரணம் உண்டு. இத்தகைய கார்ட்களால் பெரும்பாலும் தோண்டப்பட்டது ஈதீரியம் என்னும் நாணயம். 2022 செப்டம்பர் 15ஆம் திகதி அதன் முறையே மாற்றப்பட்டு, தோண்டும் வேலை இல்லாமற் போனது. பாவித்த கார்ட்கள் சந்தையில் குவிந்தன. மருமகன் வாங்கியது நாணயத்துக்காக அல்ல. கல்யாண வீடியோவுக்கும் முப்பரிமாணப் படங்களுக்கும்தான். மெய்நிகர் நாணயம் பற்றி நமது மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆம் ஆண்டுகளில் பொதுமக்களை எச்சரித்திருந்தது அவருக்கும் தெரியும்.

சுவிச்சைப் போட்டால் விசிறிகள் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். விற்றவரோ, "இங்கிருந்து போகும்போது நன்றாகத்தான் இருந்தது" என்றார். "மாமா, ஏமாந்துட்டேன்" என்று என்னிடம் வந்தார் மருமகன்.

நான் கம்பியூட்டர் படித்தவனல்ல. ஆனால் ஆலையில் மோட்டார் நின்றால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்ப்பது நமது பழக்கம். அதையே செய்தோம். ஆறையும் கழற்றி, ஒரேயொரு கார்டை மதர்போட்டில் நேரடியாகச் செருகினோம். இயங்கியது. இப்படி ஆறையும் தனித்தனியே சோதித்தோம், எல்லாம் நல்லவை. பிறகு ரைசர் எனப்படும் நீட்டிப்பு வயர்களில் ஒவ்வொன்றாக ஏற்றினோம். நான்கு வரை சரி. ஐந்தாவதில் திரை வரவில்லை. எந்தக் கார்டை ஐந்தாவதாக வைத்தாலும் அதே கதை. ஆகவே பழுது கார்டில் இல்லை, எண்ணிக்கையில்தான் தடை.

பயோஸ் அமைப்பில் 'அபவ் 4ஜி டிகோடிங்' என்றொரு தெரிவு உண்டு. ஒவ்வொரு கார்டுக்கும் நினைவக முகவரியில் இடம் வேண்டும். கீழேயுள்ள 4 ஜிகாபைட் எல்லைக்குள் பல கார்ட்களுக்கு இடம் போதாது. அந்தத் தெரிவு அணைந்திருந்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை. மதர்போட்டிலுள்ள சிஆர் 2032 என்னும் காசு போன்ற பற்றரி இறந்து, வரும் வழியில் அமைப்புகள் எல்லாம் அழிந்துவிட்டன. பற்றரியை மாற்றித் தெரிவைப் போட்டதும் ஆறும் தெரிந்தன.

கதை அத்துடன் முடியவில்லை. விண்டோஸ் திறந்து ஒரு நிமிடத்தில் இயந்திரம் அணைந்து மறுபடி தொடங்கியது. பழைய மைனிங் நிரல் தானாகவே ஆரம்பித்து, கூட்டிய வேகத்தில் கார்ட்களை ஓட்டிக்கொண்டிருந்தது. அதை அகற்றியும், வீடியோ வேலை கொடுத்தால் அணைந்தது. அப்போதுதான் ரைசர்களுக்கு மின் கொடுக்கும் சாட்டா முனைகளைப் பார்த்தோம். ஒன்று உருகி மஞ்சளாகியிருந்தது. சாட்டா முனையின் 12 வோல்ட் பகுதி தாங்குவது சுமார் 54 வோட். ஒரு கார்ட் செருகுமிடத்தின் வழியாக அதே 12 வோல்ட்டில் 66 வோட் வரை இழுக்கலாம். இதனால் வீடே எரியலாம். ஆறு முள் வயர்களைப் பவர் சப்ளையிலிருந்து நேரடியாகக் கொடுத்தோம். இங்கே ஓர் எச்சரிக்கை: கழற்றிப் பூட்டும் வயர்களை வேறு பவர் சப்ளையிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே முள் வரிசை மாறியிருக்கும், கார்ட் செத்துவிடும்.

இப்போது ஓடுகிறது. முழு வேலையில் மீற்றர் 850 வோட் காட்டியது. இருபத்துநாலு மணி நேரமும் ஓட்டினால் நாளுக்கு 20 யுனிட்டுக்கு மேல், மாதத்துக்கு 600க்கு மேல். உங்கள் பட்டியலிலுள்ள விலையால் பெருக்கிப் பாருங்கள். மருமகன் ஓடர் வந்த இரவுகளில் மட்டும் நான்கைந்து மணி நேரம் ஓட்டுகிறார். அதற்குரிய மின்செலவைத் தனிக் கொப்பியில் எழுதி, வீடியோ விலையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். முதல் மாதத்தில் மூன்று கல்யாணம் கிடைத்தது. நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது.