குளக்கரையில் கிடந்தவன்



அர்ச். அருளப்பர் சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தில், 38 வருஷமாய்ப் பிணியில் கிடந்த ஒருவனைக் குளக்கரையில் காண்கிறோம். குணமளிக்கும் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. அவனைத் தூக்கி அதில் இறக்கிவிடத்தான் ஆள் இல்லை. இதையே அவன் சேசுநாதரிடம் முறையிட்டான்.

நம் ஊர்களிலும் வருஷக்கணக்காய்ப் படுக்கையில் கிடப்பவர்கள் உண்டு. வளர்ந்த மகனைப் புரட்டிவிட வயதான தாய்க்குப் பலம் போதவில்லை. தனக்குப் பின் இவனுக்கு யார் என்பதே அவள் கவலை.

கேள்வி: இவர்களுக்குப் பொதுப் பணத்தில் உதவி உண்டா?

விடை: உண்டு. கடும் ஊனமுற்றோர், மனவளர்ச்சி குன்றியோர், தசைச் சிதைவு நோயாளிகள் முதலியோருக்குத் தமிழ்நாடு அரசு தரும் பராமரிப்புத் தொகை, மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்தது. 2021 ஆகஸ்டில் துவங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டம், வலி தணிப்புச் சிகிச்சையையும் இயன்முறைப் பயிற்சியையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. மனவளர்ச்சி குன்றியோர், மூளை முடக்குவாதமுள்ளோர் ஆகியோருக்கு 18 வயதுக்குமேல் பாதுகாவலரை நியமிக்க, 1999-ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழுவிடம் கேட்கலாம்.

கேள்வி: இதை வாங்குவது கையேந்துவது ஆகாதா?

விடை: ஆகாது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பராமரிப்பவருக்கான படியையும் குறிப்பிடுகிறது. அதிக உதவி தேவைப்படுகிறவர் தாமே விண்ணப்பிக்கலாம். அவர் சார்பில் வேறொருவரோ ஒரு சபையோ விண்ணப்பிக்கலாம். உரிமையைக் கேட்க வெட்கம் எதற்கு?

கேள்வி: பின் ஏன் பலருக்குக் கிட்டவில்லை?

விடை: மேட்டூரில் மதகு திறந்ததால் மட்டும் கடைமடை வயல் நனைந்துவிடுமா? வாய்க்காலை வெட்டித் தண்ணீரைத் திருப்ப ஆள் வேண்டுமே. ஊனச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு என்று படுத்திருப்பவர் எங்கே அலைவார்?

கேள்வி: கிடைத்தால் அது போதுமா?

விடை: போதாது. நாளொன்றுக்கு 67 ரூபாய்கூட வராது. நடவுக்குப் போகாமல் வீட்டிலிருக்கும் தாயின் கூலிக்கு அது ஈடாகாது. நல்ல சமாரித்தன் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்ததோடு, மேல்செலவையும் தானே தருவதாகச் சொன்னான். அந்த மேல்செலவு நம்முடையது.

இவ்வாரத் தீர்மானம்: உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் போய்ப் பாருங்கள். உதவி வராவிட்டால் மனு எழுதி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள். மருத்துவ முகாமுக்கு வண்டி பிடித்துத் தூக்கிச் செல்லுங்கள். வாரத்தில் ஒரு பொழுதாவது அவரைக் கவனித்துக்கொண்டு, அந்தத் தாயை இளைப்பாற விடுங்கள்.

தூக்கிவிட ஆள் இல்லை என்ற முறைப்பாடு நம் பங்கில் எழாதிருக்க, சர்வேசுரன் நமக்கு அனுக்கிரகம் செய்வாராக.