காந்தக் கண்ணாடி செய்யலாமா?

ஏற்காட்டு ஓடை மணலில் காந்தத்தை வைத்தால் கருந்துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றைக் கண்ணாடியோடு உருக்கினால் காந்தக் கண்ணாடி கிடைக்குமா?
– கல்லூரி மாணவர், ஏற்காடு

உருக்கினால் மட்டும் கிடைக்காது. பச்சை பாட்டில்தான் கிடைக்கும்! உங்கள் துகள் பெரும்பாலும் மாக்னடைட். சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறையிலும், சேலம் கஞ்சமலையின் இரும்புத்தாதிலும் இருப்பது அதுதான். உருகிய கண்ணாடியில் அது கரைந்துவிட்டால் நிறம் மிஞ்சும், காந்தம் போய்விடும்.

சூட்சுமம் இரண்டாவது சூட்டில் இருக்கிறது. பேரியம் ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு, போரான் ஆக்சைடு மூன்றையும் சுமார் 1300 டிகிரி செல்சியஸில் உருக்கி, உலோக உருளைகளுக்கிடையே சட்டென்று குளிர வைப்பார்கள். படிகமாக நேரமில்லாமல் அது கண்ணாடியாக உறையும். பிறகு 600 முதல் 800 டிகிரி வரை மறுபடி சூடாக்கினால், பாகில் கற்கண்டு விளைவதுபோல உள்ளேயே பேரியம் ஃபெரைட் என்ற காந்தப் படிகங்கள் முளைக்கும். சுற்றியுள்ள கண்ணாடி அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவிடாது. அதனால் அளவு சிறிதாக, சீராக இருக்கும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கண்ணாடியைக் கரைத்தால் காந்தத் தூள் தனியாகக் கிடைக்கும். கணினித் தகவல்களைச் சேமிக்கும் நாடாக்கள் பலவற்றில் பூசுவது பேரியம் ஃபெரைட் தூளைத்தான்.

வீட்டு அடுப்பில் இது நடக்காது; கல்லூரி வேதியியல் துறையில் மஃபிள் உலை இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவரை காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றி மணலில் துழாவுங்கள். பையை உருவினால் துகள்கள் தானாக உதிரும். காந்தமும் சுத்தமாக இருக்கும்.